ஒன்றுவிட்ட அண்ணன்

செய்தி வந்தபோது பகல் பதினொன்றே கால். வேளச்சேரி அலுவலகத்தின் நான்காவது மாடியில் தங்கம் எழுதுபொருள்களின் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் இயந்திரம் தந்த ஸ்பானிஷ் சொல். சரியென்றால் பச்சையை அமுக்க வேண்டும், தப்பென்றால் சிவப்பை. ஸ்டேப்ளருக்கு இயந்திரம் கிராபதோரா என்று போட்டிருந்தது. சரிதான். பச்சையை அமுக்கிவிட்டுக் கைபேசியை எடுத்தாள்.

மதினி ஸ்வர்ணலதா பேசினாள்.

"தங்கம், ஒங்க அண்ணன் எந்திரிக்க மாட்டேங்காவ."

காபி குடித்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று உள்ளே போனாராம். கீழ்வீட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டார் என்றாள் மதினி. டாக்டர் என்ன சொன்னார் என்பதை அவள் சொல்லவில்லை. நீ வா என்று மட்டும் சொன்னாள். அழவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துச் சுவரோரமாகப் போடுகிற சத்தம் கேட்டது. தங்கத்துக்கு அது போதுமாக இருந்தது.

அண்ணன் இறந்துவிட்டார், கிளம்புகிறேன் என்று அலுவலகத்துக்குக் கைபேசியில் நாலு சொல் தட்டி அனுப்பிவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தாள். வேளச்சேரியிலிருந்து மந்தைவெளிக்குப் பறக்கும் ரயில் நேராகப் போகும். ஆனால் அந்த நேரத்தில் அடிக்கடி வராது. நடைமேடையில் உட்கார்ந்திருந்தபோது ஹெச்.ஆர். பெண் ஸ்ரீரஞ்சனி கூப்பிட்டாள். சின்னப் பெண், நல்ல பெண். முதலில் இரண்டு முறை சாரி சொன்னாள். பிறகு, விடுப்பைத் தானே பதிந்துவிடுவதாகவும் அதற்கு ஒரே ஒரு விவரம் வேண்டும் என்றும் சொன்னாள்.

"அண்ணன்னு போட்டிருக்கீங்க மேம். ஓன் பிரதரா, கசின் பிரதரா?"

தங்கம் எழுந்து நின்றாள். ரயில் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். ரயில் வரவில்லை. தண்டவாளம் வெயிலில் கிடந்தது.

கூடப்பிறந்தவர் இறந்தால் ஐந்து நாள் துக்க விடுப்பு. கசின் என்றால் ஒரு நாள். மீதியைத் தன் சொந்த விடுப்பில் எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தங்கத்தின் சொந்த விடுப்பெல்லாம் மார்ச்சில், இதே அண்ணனுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோதே கரைந்துபோயிருந்தது. சம்பளமில்லா விடுப்பு போடுவது அந்த அலுவலகத்தில் இப்போது நல்லதில்லை. ஸ்பானிஷ் வேலைக்கு ஒரு வரிசை முழுக்க ஆள் இருந்த காலம் போய், இன்று மூன்று பேர். அடுத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோரும் வருகையைச் சரியாக வைத்துக்கொள்கிறார்கள்.

ரயிலில் உட்கார்ந்த பிறகு வேலையைப் பற்றி அவள் அவ்வளவாக நினைக்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஐந்து நாள். மந்தைவெளி வீட்டில் ஐந்து நாளும் தங்கச்சியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மாலை வாங்கி வந்து போட்டு, சுவரோரமாக அரை நாள் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிற உறவுக்காரியாக அல்ல.

தங்கம் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அவள் அப்பா தவறிப்போனார். பெரியப்பா மாடசாமி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் பாத்திரக்கடை போட்டவர். தம்பி மனைவியையும் குழந்தையையும் தன்னோடு வைத்துக்கொண்டார். கடைக்குப் பின்னால் கிடங்கு, கிடங்குக்கு மேலே வீடு. பெரியப்பாவுக்கு ஒரே பையன் சண்முகவேல், தங்கத்தைவிட ஏழு வயது பெரியவர். அந்த வீட்டில் ஒன்றுவிட்ட என்ற சொல் புழங்கியதே இல்லை. அவர் அண்ணன், இவள் தங்கச்சி. பள்ளிக்கூடப் பதிவேட்டில் மட்டும் அவருக்கு மா. என்றும் இவளுக்கு சு. என்றும் முன்னெழுத்து வேறாக இருந்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் இரண்டு எழுத்து என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்களுக்கு ஒரு எழுத்து பத்தல டீச்சர்" என்று தங்கம் சொன்னாளாம். அவளுக்கு நினைவில்லை. சண்முகவேல்தான் ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்குக் கடை ஒத்துவரவில்லை. ஒரு அம்மாள் வந்து குக்கர் கேட்டால், வீட்டில் எத்தனை பேர், ஸ்டவ்வா கேஸா, மாமியார் கூட இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டிருப்பார். அதற்குள் அந்த அம்மாள் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். "ஏலே, நீ பாத்திரம் விக்கியா, பொண்ணு பாக்க வந்தியா?" என்று பெரியப்பா கல்லாவிலிருந்து சத்தம் போடுவார். எம்.ஏ. ஆங்கிலம் படித்து முடித்து, மாலை நேரத்தில் ஃபிரெஞ்ச் படிக்கலாம் என்று போனார். அங்கே இடமில்லை என்றதும் பக்கத்து அறையில் நடந்த ஸ்பானிஷ் வகுப்பில் உட்கார்ந்துகொண்டார். எப்படி சார் ஸ்பானிஷ் பக்கம் வந்தீங்க என்று பிற்காலத்தில் பலரும் ஏதோ பெரிய கதையை எதிர்பார்த்துக் கேட்பார்கள். "ஃபிரெஞ்ச் ஹவுஸ்ஃபுல்" என்பார்.

பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில், ரெடிமேட் பிளவுஸ் கடைக்கு மேலே அந்த மொழிபெயர்ப்பு நிறுவனம் இருந்தது. அமெரிக்காவில் பள்ளிப் புத்தகம் போடுகிற ஒருவர் சொற்களை மூட்டை மூட்டையாக அனுப்புவார். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் புரிந்துகொள்ள, ஒவ்வொன்றுக்கும் ஸ்பானிஷ் சொல் எழுத வேண்டும். சண்முகவேல் எழுதினார். தட்டச்சுக்கு ஆள் வேண்டும் என்றதும் தங்கத்தைக் கூட்டிவந்தார். ஒரு வருஷம் தட்டச்சு செய்த பிறகு அவளும் அதே மாலை வகுப்பில் சேர்ந்தாள். அப்புறம் இரண்டு மேசை, எதிரும் புதிருமாக.

இரண்டு பேருமே ஸ்பானிஷைத் தாய்மொழியாகப் பேசுகிற ஒரு ஆளைக்கூட நேரில் பார்த்ததில்லை. பனி விழுகிற ஊரின் சொல்லை, அந்த ஊரையும் பார்க்காமல், இன்னொரு பார்க்காத ஊரின் சொல்லாக, மின்விசிறிக்குக் கீழே வியர்வை வழிய உட்கார்ந்து மாற்றினார்கள். மழையும் பனியும் கலந்து கொட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் வந்தது. ஸ்பானிஷில் அதற்கு அக்வானியேவெ, தண்ணீர்ப்பனி. சண்முகவேல் அதை வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"மழ மாதிரியும் இருக்காது, ஐஸ் மாதிரியும் இருக்காது போல. பன்னீர் சோடால கடைசியா கெடக்கும் பாரு, அது."

அப்படியென்றே தங்கமும் நினைத்துக்கொண்டாள். இன்றுவரை அந்தச் சொல் வந்தால் அவளுக்குப் பன்னீர் சோடா வாசனை வரும்.

ஒருமுறை குடும்ப உறவுகள் வந்தன. கசின் என்ற சொல்லுக்கு ஸ்பானிஷில் ஆணா பெண்ணா என்று தெரிந்தால்தான் எழுத முடியும். சண்முகவேல் குறிப்புப் பகுதியில், கசின் பிரதர் என்றால் பிரிமோ, கசின் சிஸ்டர் என்றால் பிரிமா என்று விளக்கம் எழுதி அனுப்பினார். அமெரிக்காவிலிருந்த எடிட்டர் அம்மாள், ஆங்கிலத்தில் கசின் பிரதர் என்று ஒன்று கிடையாது, இவர் எங்கே ஆங்கிலம் படித்தார் என்று கேட்டு முதலாளிக்கும் ஒரு நகல் போட்டுவிட்டாள். எம்.ஏ. ஆங்கிலம். அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கை அவர் திறக்கவில்லை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, "நாம சொல்றது தப்புன்னா நாம யாரு ளா ஒருத்தருக்கொருத்தர்?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, வேறு எதற்கோ அகராதியைப் புரட்டியவர் மேசையைத் தட்டினார். பிரிமோ எர்மானோ என்று ஒன்று இருந்தது. பெற்றவர்களின் உடன்பிறப்புக்குப் பிறந்த பிள்ளை. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கசின் பிரதர் என்றேதான் வரும்.

"நம்ம தப்பு ஸ்பெயின்ல சரியா இருக்கு ளா" என்றார்.

அதிலிருந்து அலுவலகத்துக்கு யார் புதிதாக வந்தாலும், தங்கத்தைக் காட்டி, இது என் பிரிமா எர்மானா என்று அறிமுகப்படுத்துவார். கீழே பிளவுஸ் கடைக்காரர் ஒருநாள் தங்கத்திடம், பிரிமா எர்மானா என்று புதுசாக என்ன துணி வந்திருக்கிறது, நம்மிடம் இல்லையே என்று கேட்டார். அதெல்லாம் வெளியே. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணன் தங்கச்சிதான்.

அவருடைய பெரிய தப்பு அதற்குப் பிறகு நடந்தது. ஒரு தொகுப்பில் லேப் (lap) என்ற சொல் வந்தது. அவர் யோசிக்கவே இல்லை. ரெகாசோ என்று எழுதினார். மடி. அவருக்கு அந்தச் சொல் வேறு எப்படித் தோன்றும்? ஆனால் அது விளையாட்டுத் தொகுப்பு. மைதானத்தைச் சுற்றி ஒரு முறை ஓடுவதற்கும் அதே ஆங்கிலச் சொல்தான். படங்கள் தனியாக வந்திருந்தன, அவர் திறந்து பார்க்கவில்லை. அட்டைகள் அச்சாகி, பெட்டிகளில் போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தது. ஒரு சிறுமி தலைமுடி பறக்க ஓடிக்கொண்டிருக்கிறாள், கீழே மடி என்று எழுதியிருக்கிறது. முதலாளி வேலையை விட்டுத் தூக்கவில்லை. அந்தப் பள்ளிப் புத்தக வேலையை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்தார்.

அதன்பிறகு சண்முகவேல் எந்தச் சொல்லையும் படம் பார்க்காமல் எழுதவில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த தங்கம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "படம் இருக்கா?" என்று அவர் கேட்பதைக் காதில் வாங்கியிருப்பாள். கதவு என்றால் என்ன கதவு, குடை என்றால் மழைக்கா வெயிலுக்கா. வாடிக்கையாளருக்குக் கேள்வி அனுப்புவார், பதில் வரும்வரை அந்தச் சொல்லைத் தொட மாட்டார். முன்பு ஒரு நாளில் முடிந்த வேலைக்கு இப்போது மூன்று நாள் ஆயிற்று.

நிறுவனத்தை வேளச்சேரியிலிருந்த ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. பிறகு இயந்திரம் வந்தது. அது யாரிடமும் படம் கேட்பதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆள் குறைத்த முதல் பட்டியலிலேயே சண்முகவேலின் பெயர் இருந்தது. தங்கம் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தபோது அவர் மேசையைத் துடைத்து முடித்திருந்தார். நல்லதாகப் போயிற்று, இனிமேல் ரயிலில் நின்றுகொண்டே வர வேண்டியதில்லை என்றார். அதே நிறுவனம் எப்போதாவது சில்லறையாகக் கொடுக்கிற சொற்களை வீட்டிலிருந்து செய்துகொடுத்துவந்தார்.

மந்தைவெளி வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது அவரை ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். காலையில் ஷேவ் செய்திருக்கிறார். மகன் கோவையிலிருந்து கிளம்பிவிட்டான், வந்ததும் எடுத்துவிடலாம் என்று முடிவாகியிருந்தது. மதினி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தங்கம் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் மதினி நகர்ந்து இடம் கொடுத்தாள், அவ்வளவுதான்.

ஒரு மணிபோல, சுவரொட்டிக்கு விவரம் வாங்க அச்சுக்கடை ஹனீஃபா வந்தார். மதினியின் அண்ணன் இசக்கிமுத்து வாசலில் நின்று சொல்லச் சொல்ல, ஹனீஃபா கைபேசியில் ஏற்றிக்கொண்டார்.

"போட்டோ கீது. தேதி கீது. பேரு மட்டும் சொல்லிடு நைனா, மூணு மணிக்குள்ள தெருவுல ஒட்டிடலாம்."

மனைவி, மகன், மைத்துனர்கள் என்று இசக்கிமுத்து வரிசையாகச் சொன்னார்.

"கூடப் பொறந்தவங்க?"

"இல்ல. ஒத்தப் புள்ள." இசக்கிமுத்து ஒரு கணம் உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணுவிட்ட தங்கச்சி ஒண்ணு இருக்கு. ஒருத்தரப் போட்டா மத்ததுகளும் ஏன் எம்பேரு இல்லன்னு கேக்கும். வேண்டாம், விட்ருங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னது சரியும்கூட, தாம்பரத்தில் ஒருத்தி, தூத்துக்குடியில் இரண்டு பேர் என்று அந்த முறையில் இன்னும் பலர் இருந்தார்கள். தங்கம் ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இரண்டாவது தடவையாக இந்தக் கேள்வி.

மதினி தலையைத் தூக்கினாள்.

"தங்கச்சின்னு போடச் சொல்லுண்ணே."

"அதுக்கில்ல ளா. மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா."

"ஒண்ணுவிட்டதுன்னா என்னத்த விட்டா அவ? ஆஸ்பத்திரில எங்கூடத் தரைல படுத்துக் கெடந்தா. ராவும் பகலும் அவளும் ஒண்ணும் விடல, இவுகளும் அவள விடல. போடு."

ஹனீஃபா இசக்கிமுத்துவின் முகத்தைப் பார்க்காமலே தட்டிவிட்டார். "பேரு தங்கம்தான? முன்னாடி இன்னா எழுத்து?"

"சு" என்றாள் தங்கம்.

மறுநாள், ஆண்கள் மயானத்திலிருந்து சாம்பல் எடுத்து வந்து குளித்து முடித்த பிறகு, தங்கம் மொட்டை மாடிக்குப் போய் ஸ்ரீரஞ்சனியைக் கூப்பிட்டாள். யாருடைய போர்வையோ கொடியில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நிழலில் நின்றுகொண்டாள்.

"என் பெரியப்பா பையன்" என்றாள். "அண்ணன்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அப்போ கசின் ஆயிடறதே மேம்."

"இங்கிலீஷ்ல."

"மேம், எங்காத்துல பெரியப்பா பசங்க மூணு பேரையும் நான் அண்ணான்னுதான் கூப்பிடறேன். எனக்குத் தெரியாதா? சிஸ்டத்துல அண்ணான்னு ஒரு ஆப்ஷன் இல்ல." பிறகு ஸ்ரீரஞ்சனி குரலை இறக்கினாள். உறவைக் காட்டுகிற மாதிரி ஏதாவது ஒன்று, அச்சில் இருந்தால் போதும், கூடப்பிறந்தவர் என்ற இடத்தில் அதை ஏற்றிவிடுங்கள், பெங்களூர் தலைமை அலுவலகத்துக்காரர்கள் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடுவார்கள் என்றாள். நான் இதை உங்களிடம் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

தங்கம் கீழே இறங்கித் தெருமுனைக்குப் போனாள். இஸ்திரி வண்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். மகன் கல்யாணத்தில் எடுத்த படம். பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. கைபேசியில் படம் எடுத்து அனுப்பினாள். சாயங்காலம் பெங்களூரிலிருந்து பதில் வந்தது. ஆவணம் வட்டார மொழியில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். நிறுவனத்தின் மொழிபெயர்ப்பாளர்களில் யாராவது ஒருவர் சான்று கொடுத்தால் போதும். சான்று கொடுக்கத் தகுதியுள்ளவர்கள் பெயர் கீழே இருந்தது. நான்காவது பெயர் சு. தங்கம்.

மூன்றாம் நாள் காலை, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கைபேசியிலேயே அடிக்க ஆரம்பித்தாள். இருபது வருஷமாக இதுதானே வேலை; பத்து வரி, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தாள். கண்ணீர் அஞ்சலி முதலிலேயே மறித்தது. தோற்றம், மறைவு என்பதை அப்படியே போட்டால் வித்தைக்காரனைப் பற்றி எழுதினதுபோல இருக்கும். பிறப்பு, இறப்பு என்று ஆக்கினாள். இவ்வுலக வாழ்வை நீத்து இறைவனடி சேர்ந்தார் என்று ஹனீஃபா தன் கையிருப்பிலிருந்து போட்டிருந்த வரியை ஆங்கிலத்தில் இரண்டே சொல்லில் அடக்கினாள். மனைவி, மகன், மைத்துனர்கள் எல்லாம் தடையில்லாமல் போயிற்று.

அன்புச் சகோதரி என்ற இடத்தில் கை நின்றுவிட்டது.

சிஸ்டர் என்று அடித்தால் பெங்களூரில் படிக்கிறவருக்கு ஒரே ஒரு பொருள்தான். அந்தப் பொருளில் அது உண்மையில்லை. கசின் என்று அடித்தால் ஒரு நாள் விடுப்பு, அது என்றைக்கோ முடிந்துவிட்டது. அதுமட்டுமில்லை, சுவரொட்டியில் அப்படி ஒரு சொல் இல்லை. இல்லாததை எழுதுகிறவர்களுக்கு அவளே எத்தனை முறை சிவப்பை அமுக்கியிருக்கிறாள்! அண்ணன் எதிர் மேசையில் இருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசிக்கப் பார்த்தாள். தலை ஓடவில்லை. மூன்று நாளாக யாரும் சரியாகத் தூங்கவில்லை.

மதினி காபி கலக்க உள்ளே வந்தாள். என்ன முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டாள். தங்கம் சொன்னாள். ஐந்து நாள் பற்றியும், ஓன், கசின் பற்றியும், பெங்களூர் பற்றியும் அப்போதுதான் மதினிக்குத் தெரிந்தது. அவள் பாலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பொங்கி வந்ததும் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"அந்தச் சொல்லு நாஞ் சொல்லிப் போட்டது. நீ போட்டது இல்ல. அத மாத்துறதுக்கு நீ யாரு?"

தங்கம் சிஸ்டர் என்று அடித்தாள். கீழே, மூலத்துக்கு உண்மையானது எனச் சான்றளிக்கிறேன் என்ற வழக்கமான வரியைப் போட்டு, தன் பெயரையும் போட்டு அனுப்பினாள். அனுப்பிய பிறகு பாரம் இறங்கியதுபோலவும் இல்லை, பொய் சொன்னதுபோலவும் இல்லை. காபி ஆறிப்போயிருந்தது, குடித்தாள். அன்று மத்தியானமே ஐந்து நாளுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. ஸ்ரீரஞ்சனி தனியாக ஒரு கைகூப்பும் படம் அனுப்பியிருந்தாள்.

வருகிறவர்கள் குறைந்தார்கள். நான்காம் நாள் இசக்கிமுத்து பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமையல்காரரைப் பார்க்கப் போயிருந்தார். மகன் வங்கி வேலையாக வெளியே போனான். மதினி அண்ணனின் மடிக்கணினியைக் கொண்டுவந்து தங்கத்தின் முன்னால் வைத்தாள். அது உள்ளறையில் அரை மணிக்கு ஒருதரம் டிங் டிங் என்கிறது, எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை என்றாள். திறந்து பார்த்தால் அலுவலகத்திலிருந்து தானாக வருகிற நினைவூட்டல்கள். குழந்தைகள் அட்டைக்காக, வீட்டுச் சாமான்களின் பெயர்கள். கெடு முந்தாநாளே தாண்டிவிட்டது. பாதிக்குமேல் முடித்திருந்தார். முடித்த ஒவ்வொன்றுக்கும் எதிரே, படம் பார்த்தேன் என்று சின்னதாகக் குறிப்பு.

"அவுக பேர்ல கொறையா நிக்க வேண்டாம் தங்கம். ஒனக்கு முடிஞ்சா முடிச்சுக் குடு."

அந்த நாளின் மீதியும் அடுத்த நாள் முழுவதும் அதில் போயிற்று. ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்தாள். அலமாரி, துடைப்பம், மிதியடி, தலையணை உறை. இயந்திரம் தந்த சொற்களில் பெரும்பாலும் குறை சொல்ல எதுவுமில்லை. அவளுடைய மேசையில் என்றால் பச்சை, பச்சை என்று அரை மணியில் முடிந்திருக்கும். இங்கே ஒவ்வொன்றாகச் செய்தாள். வேலை செய்வதாகவே தெரியவில்லை, துக்கம் கேட்க வந்து கூட உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. நடுவில் மதினி வந்து தோளில் கை வைத்துத் திரையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் மாலை வேளச்சேரிக்குக் கிளம்பும்முன், நடுவில் அவர் தாண்டிப் போயிருந்த ஒரு சொல் மட்டும் மிச்சம் இருந்தது. கதவில் பிடித்துத் திருகுகிற குமிழ். இயந்திரம் போமோ என்று போட்டிருந்தது. சண்முகவேல் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு கேள்வி எழுதத் தொடங்கியிருந்தார்: இந்த அட்டைகள் எந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு? ஸ்பெயின் என்றால் போமோ சரி, மெக்சிகோ என்றால் பெரீயா, மற்ற இடங்களில்... அதோடு நின்றிருந்தது.

மீதியை எழுதி முடிக்க அவளுக்குத் தெரியும். ஆனால் கேள்வி அவருடைய முகவரியிலிருந்து போகும், பதிலும் அவருக்கே வரும். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அழித்தாள். பிறகு முடித்த சொற்களை மட்டும் அனுப்பிவிட்டு, மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு ரயிலுக்கு நடந்தாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் தன் மேசையில் இருந்தாள். அந்தத் தொகுப்பில் மற்ற சொற்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. கதவுக் குமிழுக்கான கேள்வி இன்னும் அனுப்பப்படவில்லை.